கப்பல் அளந்த கதை: ஆழத்தை மறந்த சட்டம்

இங்கிலாந்தின் பார்லிமென்டு 1773ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சிறு சட்டம், அந்நாட்டுக் கடலோடிகளில் இரண்டு மூன்று தலைமுறையினரின் வாழ்வையும் சாவையும் எந்தப் போரைக் காட்டிலும் குறையாத அளவுக்குப் பாதித்தது என்று சொன்னால், அது மிகையாகத் தோன்றலாம். அந்தச் சட்டத்தில் கடலைப் பற்றியும் புயலைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு கப்பல் எத்தனை டன் கொள்ளும் என்பதைத் துறைமுக அதிகாரி எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் மாத்திரமே அதில் வகுக்கப்பட்டிருந்தது. ஆயினும் துறைமுக வரி, கலங்கரை விளக்க வரி, வழிகாட்டும் மாலுமிக்குத் தரும் கூலி ஆகிய அனைத்தும் அந்த டன் கணக்கின்மீதே விதிக்கப்பட்டு வந்தமையால், சூத்திரம் எப்படியோ அப்படியே கப்பலும் என்ற நிலை விரைவில் உண்டாயிற்று.

இந்தச் சூத்திரத்தின் பிறப்பிடம் பெரிய வாணிகக் கப்பல்கள் அல்ல; சிறு படகுகள். பிரெஞ்சுக் கரையிலிருந்து பிராந்தி முதலிய மதுவகைகளைச் சிறு கலங்களில் ஏற்றி இரவோடு இரவாக இங்கிலாந்தின் கழிமுகங்களில் இறக்கிவிடும் கள்ள வாணிகம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கி நின்றது. குறிப்பிட்ட டன்னுக்குக் குறைந்த கலங்களில் மது கொண்டுவரலாகாது என்று தடை விதித்தால் இக்கடத்தலை ஒடுக்கலாம் என்று அரசாங்கத்தார் கருதினர். ஆனால் பிடிபட்ட படகு எத்தனை டன் என்று கேட்டால், படகோட்டி ஒரு கணக்குச் சொல்வான், சுங்க அதிகாரி ஒரு கணக்குச் சொல்வார். இந்தச் சச்சரவுக்கு முடிவு கட்டவே 1720ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அளவு முறையை வகுத்தது. சரக்கு நிறைந்த கலத்தின் உள்ளே இறங்கி ஆழத்தை அளப்பது இயலாத காரியம் ஆதலால், ஆழத்தை அளக்கவே வேண்டாம், அகலத்தில் சரிபாதியை ஆழமாக எடுத்துக்கொள்க என்று அது விதித்தது. அக்காலத்துக் கலங்கள் பலவற்றின் வடிவத்துக்கு அது ஓரளவு பொருந்தியும் வந்தது. கடத்தல் படகுகளைப் பிடிப்பதற்காகச் செய்த இந்த ஏற்பாட்டையே அரை நூற்றாண்டுக்குப் பின் 1773ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் கப்பல்களுக்கும் உரிய பொது விதியாக ஆக்கிவிட்டது.

விதி இதுதான். கப்பலின் நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதை ஏரா மரத்தின், அதாவது கப்பலின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு மரத்தின், நீளமாகக் கொள்ள வேண்டும். அதை அகலத்தாலும், மீண்டும் அகலத்தின் பாதியாலும் பெருக்கி, வந்த தொகையை 94ஆல் வகுத்தால் டன் கிடைக்கும். 94 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததன்று. முப்பத்தைந்து கன அடிக் கடல்நீர் ஒரு டன் எடை உள்ளது. நீரில் அமிழ்ந்த கப்பலின் உடல் அதே நீள அகல ஆழமுள்ள ஒரு பெட்டியில் நூற்றுக்கு 62 பங்கு இடத்தை நிரப்பும். அவ்வாறு விலக்கப்படும் நீரின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு சரக்குக்கு உரியது, மீதி கப்பலின் சொந்த எடை. இம்மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால் 94 வந்து நிற்கும். தேம்ஸ் நதிக் கரையில் கப்பல் கட்டிய தச்சர்கள் தங்கள் அனுபவத்தால் கண்ட இந்த விகிதங்கள் மிகவும் சீரானவை. அவர்களுடைய கணிதத்தில் பிழை ஒன்றும் இல்லை. கணிதத்துக்குள் கொடுக்கப்பட்ட ஆழம்தான் பொய்யானது.

டன்னின் பின்னத்தைக்கூட அக்காலத்தார் 94இல் இத்தனை பங்கு என்றே எழுதினார்கள். காப்டன் குக் தென்கடல்களுக்குச் சென்ற ‘எண்டெவர்’ கப்பலைக் கடற்படையினர் 1768ஆம் ஆண்டில் வாங்கியபோது அதன் அளவு 368 டன்னும் 94இல் 71 பங்கும் என்று குறிக்கப்பட்டது. விட்பி என்ற ஊரில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. அதன் அகலம் சற்றேறக்குறைய 29 அடி. ஆகவே சூத்திரப்படி ஆழம் பதினான்கரை அடி. ஆனால் அதன் சரக்கறையின் உண்மையான ஆழம் சற்றேறக்குறைய 11 அடிதான். அகன்ற அடிப்பாகமும் அளவான ஆழமும் உடைய இத்தகைய நல்ல கப்பலைக் கட்டுகிறவன், தன்னிடம் இல்லாத மூன்றடி ஆழத்துக்கும் சேர்த்து வரி கட்டினான் என்று ஆகிறது. அப்படியானால் அந்த மூன்றடியை ஏன் கட்டிவிடக் கூடாது, அதற்கு மேலும் மூன்றடி ஏன் கூட்டக் கூடாது என்று கப்பல் முதலாளிகள் எண்ணத் தொடங்கியதில் வியப்பில்லை.

இதை ஒரு கணக்கால் விளக்குவது நலம். 80 அடி நீளமும் 24 அடி அகலமும் உள்ள ஒரு கரையோரக் கப்பலை எடுத்துக்கொள்வோம். அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கு 14.4 அடி, அதைக் கழித்தால் மிஞ்சுவது 65.6. அதை 24ஆலும் 12ஆலும் பெருக்கி 94ஆல் வகுத்தால் ஏறக்குறைய 201 டன் வரும். இனி, முதலாளி தச்சரை அழைத்து, நீளம் அப்படியே இருக்கட்டும், அகலத்தில் நான்கு அடியைக் குறைத்துவிடு என்று சொல்கிறார். 20 அடி அகலத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 145 டன்கூடத் தேறாது. குறைத்தது அகலத்தில் ஆறில் ஒரு பங்கு; குறைந்தது வரியில் நூற்றுக்கு 28 பங்கு. சரக்கறை சுருங்கிவிட்டதே என்று கேட்டால், அதற்கும் வழி உண்டு. முதற்கப்பலின் ஆழம் 12 அடியானால், இதன் ஆழத்தை 14 அடி 5 அங்குலமாக ஆக்கினால் போதும், உள்ளிடம் முன்போலவே ஆகிவிடும். அந்த இரண்டேகால் அடிச் சொச்ச ஆழத்தைச் சட்டத்தின் கண் காணவே காணாது. மரக்காலின் வாயகலத்தை மட்டும் பார்த்து நெல்லுக்குத் தீர்வை போடுகிற மணியக்காரன் இருந்தால், ஊரில் மரக்கால்கள் எந்த வடிவத்தில் செய்யப்படும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இப்படித்தான் குறுகிய, ஆழ்ந்த, பக்கங்கள் சுவர்போல் நிமிர்ந்த கப்பல்கள் பெருகின. அகலம் குறைந்த கலத்துக்குத் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் சக்தி குறைவு. காற்று பலமாக அடிக்கும்போது அது பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கிடக்கும். பாயைக் குறைத்துக் குறைத்துத்தான் செல்ல வேண்டும். சரக்கு இல்லாத காலத்தில் கல்லும் மணலும் அடிப்பாரமாக ஏற்றாமல் துறையைவிட்டு நகர முடியாது. அதற்குச் செலவு, அதை இறக்க மறுபடியும் செலவு. ஆழம் மிகுந்ததால், நீர் குறைந்த சிறு துறைகளுக்குள் நுழையவும் இயலாது. கீழைக் கடல்களுக்குச் செல்லும் பெருங்கப்பல்களைக் காட்டிலும், மணல்திட்டுக்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே குளிர்காலப் புயலில் நிலக்கரியும் தானியமும் சுமந்து திரிந்த கரையோரச் சிறு கலங்களில் இக்குறைகள் மனிதர்களின் பிராணனோடு விளையாடின. முதலாளிகளை மட்டும் இதற்குக் குற்றம் சொல்வது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். நல்ல கப்பல் கட்டினவனைத் தண்டித்து, கெட்ட கப்பல் கட்டினவனுக்குச் சன்மானம் அளித்தது சட்டமே. அமெரிக்கர் தங்கள் 1789ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே முறையைச் சிறிது மாற்றி எடுத்துக்கொண்டபோது, இரட்டைத் தளக் கப்பலுக்கு அகலத்தின் பாதியையே ஆழமாக வைத்தபோதிலும், ஒற்றைத் தளமுள்ள சிறு கலங்களுக்கு உண்மையான ஆழத்தையே அளக்கச் சொன்னார்கள். அந்த அளவுக்காவது அவர்கள் சிறு கலங்களிடம் நியாயமாக நடந்துகொண்டார்கள்.

இங்கிலாந்தில் 1821லும் 1833லும் விசாரணைகள் நடந்து, 1836ஆம் ஆண்டில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. கப்பலின் உட்புறத்தில் மூன்று இடங்களில் ஆழத்தையும், அவ்விடங்களில் அகலத்தையும் அளந்து, நடு ஆழத்தின் பாதி உயரத்தில் நீளத்தை அளந்து, பெருக்கி வந்த தொகையை 3500ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. ஆழம் கணக்கில் சேர்ந்துவிட்டது. பெரிய அநீதி ஒன்று நீங்கிற்று. ஆனால் குறிப்பிட்ட சில இடங்களில் மாத்திரம் அளக்கப்படும் என்றால், மற்ற இடங்கள் இலவசம் என்றுதானே பொருள்?

ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறையில் கப்பல் கட்டி வந்த அலெக்ஸாண்டர் ஹால் கம்பெனியார் இதை நன்றாகக் கண்டுகொண்டார்கள். நீளம் அளக்கப்படுவது பாதி ஆழ உயரத்தில். ஆகவே அதற்கு மேலே கப்பலின் முன்முகமான அணியத்தை எவ்வளவு முன்னோக்கிச் சாய்த்து நீட்டினாலும் அந்த நீட்டத்துக்கு வரி கிடையாது. 1839ஆம் ஆண்டில் அவர்கள் கட்டிய ‘ஸ்காட்டிஷ் மெய்ட்’ என்ற சிறிய இரட்டைப் பாய்மரக் கலம் இந்த உத்தியில் பிறந்தது. அபர்டீனுக்கும் லண்டனுக்கும் இடையே ஓடிவந்த நீராவிக் கப்பல்களோடு போட்டியிட வேண்டிய கலம் அது. கண்ணாடிப் பக்கமுள்ள தொட்டியில் நீரை நிரப்பி, அதன் மேல் சிவப்புச் சாயம் ஊட்டிய டர்பன்டைனை மிதக்கவிட்டு, சிறிய மாதிரி உருவை அதில் இழுத்து, அலை எவ்வாறு எழுகிறது என்று ஹால் சகோதரர்கள் கண்ணால் கண்டு வடிவத்தைத் திருத்தினார்கள். அணியம் கூர்மையாக நீண்டு நீரைப் பிளந்து சென்றதால் கலம் வேகமும் பெற்றது, வரியும் குறைந்தது. அபர்டீன் அணியம் என்று பெயர் பெற்ற இந்த வடிவத்தைப் பலர் பின்பற்றினார்கள். தேயிலை ஏற்றிச் சீனத்திலிருந்து பறந்து வந்த கிளிப்பர் கப்பல்களின் அழகிய முகத்துக்கு இச்சிறு கலம் முன்னோடியாயிற்று. அளவு விதியின் ஓட்டையிலிருந்து கெடுதி மாத்திரம் அன்றி நன்மையும் விளைந்தது உண்டு என்பதற்கு இந்த ஒரு சான்றை நான் மனமகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

ஓட்டையே இல்லாதது என்று தோன்றிய முறையை வகுத்த பெருமை ஜார்ஜ் மூர்சம் என்பவரைச் சேரும். கப்பல் அளவு முறையை ஆராய 1849ஆம் ஆண்டில் அமைந்த குழுவின் செயலாளராகப் பணியாற்றிய அவர், கப்பலின் உள்ளிடம் முழுவதையும் உண்மையாகவே அளந்து கன அடியில் கண்டுவிடுவது என்ற துணிவான முடிவுக்கு வந்தார். 1854ஆம் ஆண்டு வாணிகக் கப்பல் சட்டத்தில் அது இடம் பெற்றது. தளத்தின் நீளம் 50 அடிக்கு உட்பட்ட சிறு கலமானால் அதை நான்கு சம பாகங்களாகவும், 120 அடி வரையில் ஆறு பாகங்களாகவும், அதற்கு மேல் இன்னும் அதிகமான பாகங்களாகவும் பிரிப்பார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஆழத்தை அளந்து, அதையும் நான்காகவோ ஆறாகவோ பகுத்து, ஒவ்வொரு மட்டத்திலும் இந்தப் பக்கத்துப் பலகையிலிருந்து அந்தப் பக்கத்துப் பலகை வரையில் அகலத்தை அளப்பார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நாடாவைப் பிடிக்க, மற்றொருவர் எண்ணைச் சொல்ல, மூன்றாமவர் எழுத, வளைந்த உடலின் பரப்பும் கொள்ளளவும் சிம்ப்ஸன் விதி என்ற கணித முறையால் கணக்கிடப்படும். எங்கே புடைத்தாலும் எங்கே ஒடுங்கினாலும் அது கணக்குக்குள் வந்துவிடும்.

கன அடியை டன்னாக மாற்ற எந்த எண்ணால் வகுப்பது என்ற கேள்வி எழுந்தது. நாட்டிலுள்ள கப்பல்கள் அனைத்தின் உள்ளிடத்தையும் கூட்டிப் பழைய டன் கணக்கின் மொத்தத்தால் வகுத்துப் பார்த்தபோது ஒரு டன்னுக்கு 98 கன அடியும் சொச்சமும் வந்தது. அதை 100 என்று முழுமையாக்கினார்கள். மூர்சத்தின் விவேகம் இதில் விளங்குகிறது. நாட்டின் மொத்த டன் கணக்கு மாறவில்லை. வரி வருமானம் குலையவில்லை. ஏமாற்றினவனுடைய டன் ஏறிற்று, நேர்மையாகக் கட்டினவனுடைய டன் இறங்கிற்று. சரக்கு நிறைந்து உள்ளே இறங்க முடியாத கப்பலுக்கும் ஒரு மாற்று வழி வைத்தார்கள். ஏரா மரத்துக்கு அடியே ஒரு சங்கிலியைச் செலுத்திக் கப்பலின் சுற்றளவை அளந்து, அதில் பாதியோடு அகலத்தின் பாதியைக் கூட்டி, அத்தொகையைத் தன்னாலேயே பெருக்கி, பிறகு நீளத்தாலும் பெருக்கி, மரக்கப்பலானால் பதினாயிரத்தில் 17 பங்கும் இரும்புக் கப்பலானால் 18 பங்கும் எடுத்தால் டன் கிடைக்கும். சரக்கறை மூடிக் கிடந்தாலும் ஆழம் இனி தப்பாது.

வாணிகக் கலங்கள் இவ்வாறு விடுதலை பெற்ற காலத்தில், பழைய சூத்திரம் எதிர்பாராத ஓர் இடத்தில் போய்க் குடியேறியது. உல்லாசப் பாய்ப்படகுகளின் பந்தயத்தில், பெரிய படகு சிறிய படகுக்கு எவ்வளவு நேரச் சலுகை தர வேண்டும் என்பதை டன் கணக்கைக் கொண்டே தீர்மானித்து வந்தார்கள். ராயல் தேம்ஸ் படகுச் சங்கத்தார் 1855ஆம் ஆண்டில், அதாவது மூர்சம் முறை நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில், 1773ஆம் ஆண்டு விதியைச் சற்றே திருத்தித் தங்களுக்கு விதியாக்கிக்கொண்டார்கள். நீளத்திலிருந்து அகலம் முழுவதையும் கழித்து, மிகுதியை அகலத்தாலும் அரை அகலத்தாலும் பெருக்கி, அதே 94ஆல் வகுக்க வேண்டும். ஆழத்துக்கு இங்கும் இடம் இல்லை. இதன்படி 8 அடி அகலமுள்ள ஐந்து டன் படகு 23 அடி நீளத்தைக்கூட எட்ட முடியாது. அகலத்தை ஐந்தரை அடியாக நெருக்கினாலோ, அதே ஐந்து டன்னில் 36 அடிக்கு மேல் நீளலாம். நீளம் கூடினால் வேகம் கூடும். நெருக்கிய படகு கவிழாமல் நிற்க வேண்டுமே என்றால், அளக்கப்படாத ஆழத்தில் ஈயத்தை வார்த்து ஏராவாகத் தொங்கவிட்டார்கள். ஓரத்தில் நிறுத்தி வைத்த பலகை என்றே இந்தப் படகுகளை மக்கள் அழைத்தார்கள். காற்றுச் சற்றுப் பலத்தாலும் தளத்தின் பாதி நீரில் மூழ்க, அலைமேல் ஏறாமல் அலைக்குள்ளேயே புகுந்து அவை சென்றன.

1880களின் தொடக்கத்தில் விதியை மாற்றி, நீளத்தையும் அகலத்தையும் கூட்டித் தன்னாலேயே பெருக்கி, அகலத்தால் மீண்டும் பெருக்கி 1730ஆல் வகுக்கச் சொன்னார்கள். அகலத்துக்குத் தண்டனை முற்றிலும் நீங்கவில்லை. இந்த விதியின் எல்லைவரையில் சென்ற படகு ‘ஊனா’. வில்லியம் பேட்டன் என்ற இளம் வல்லுநர் வரைந்தது அது. நீர்மட்ட நீளம் சுமார் 34 அடி, அகலம் ஐந்தரை அடி. நீளத்தில் ஆறில் ஒரு பங்குகூட அகலம் இல்லை. 1886ஆம் ஆண்டில் ஐரிஷ் கடலில் சென்றபோது, டப்ளினுக்கு வடக்கே மாலஹைட் கரையோரத்தில் புயலில் சிக்கி அது அழிந்தது. படகில் இருந்த அனைவரும் மாண்டனர். பேட்டனும் அவர்களில் ஒருவர். அவருடைய அறிவுக்கும் துணிவுக்கும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி கேட்டதை அவர் வரைந்து கொடுத்தார்.

படகுப் பந்தயச் சங்கத்தின் செயலாளரான டிக்ஸன் கெம்ப் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்த முறை அடுத்த ஆண்டான 1887இல் ஏற்கப்பட்டது. நீர்மட்ட நீளத்தைப் பாயின் பரப்பால் பெருக்கி 6000ஆல் வகுப்பது என்று ஆயிற்று. அகலம் என்ற சொல்லே விதியிலிருந்து போய்விட்டது. விளைவு உடனே தெரிந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் வேல்ஸ் இளவரசருக்காக ஜார்ஜ் வாட்ஸன் வரைந்த ‘பிரிட்டானியா’ சுமார் 88 அடி நீர்மட்ட நீளத்துக்கு 23 அடிக்கு மேல் அகலம் உடையதாயிருந்தது. அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பந்தயங்களில் ஓடிற்று.

சிறு கலங்களைப் பொறுத்தவரையில் இன்னும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். தளம் உள்ளதாகவோ 15 டன்னும் அதற்கு மேலுமாகவோ இருக்கும் ஒவ்வொரு கலமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1786ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விதித்தார்கள். அந்த 15 டன் எல்லைக் கோடு அளவு முறைகள் எல்லாம் மாறிய பின்பும் மாறாமல் நின்று, 1894ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தில் புகுந்து, நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு வாணிகக் கப்பல் சட்டத்திலும் வந்து அமர்ந்தது. நிகர அளவு 15 டன்னுக்கு மேற்படாமல், இந்தியக் கரையோரத்தில் மாத்திரம் ஓடும் கலத்துக்குப் பதிவு கட்டாயம் இல்லை என்று அதன் 22ஆம் பிரிவு கூறிற்று. பழைய 15 டன்னும் மூர்சத்தின் 15 டன்னும் ஒரே கலத்தைக் குறிப்பன அல்ல என்பதை வாசகர்கள் இதற்குள் உணர்ந்திருப்பார்கள்.

உலக நாடுகள் லண்டனில் கூடி 1969ஆம் ஆண்டில் செய்துகொண்ட அளவு உடன்படிக்கை 1982இல் நடைமுறைக்கு வந்தபோது, நூறு கன அடி டன்னும் விடைபெற்றது. மூடிய இடம் அனைத்தின் கொள்ளளவையும் கன மீட்டரில் கண்டு ஒரு குணகத்தால் பெருக்குவதே இன்றைய முறை. ஆனால் 24 மீட்டருக்குக் குறைந்த கலங்களை அந்த உடன்படிக்கை தொடவில்லை; அவற்றை எப்படி அளப்பது என்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு. அமெரிக்காவில் இத்தகைய கலத்தின் உரிமையாளர் விரும்பினால், நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 100ஆல் வகுத்து, சாதாரண யந்திரப் படகானால் 0.67 பங்கும் பாய்ப்படகானால் 0.50 பங்கும் எடுத்து, அதையே மொத்த டன்னாகக் கொள்ளலாம். மூர்சத்தின் நுட்பம் இதில் இல்லை. எனினும் மூன்று அளவும் இதில் இருக்கின்றன. மீன் பிடித்தும் சரக்கு ஏற்றியும் பிழைக்கிற எளிய மனிதனுக்கு இந்த எளிய விதி போதும், அதுவே நல்லது என்பது என் முடிவு.

மீண்டும் மூர்சத்தின் காலத்துக்குத் திரும்பினால், அவருடைய முறையில் யாரும் நுழையக்கூடிய ஓட்டை இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், நீராவிக் கப்பலின் யந்திர அறை ஒரு பெரிய வாசலாகத் திறந்துகொண்டது. திருகு விசிறியுள்ள கப்பலின் யந்திர அறை மொத்த அளவில் நூற்றுக்கு 13 பங்கைச் சற்றுத் தாண்டினாலே, 32 பங்கைத் தள்ளுபடி செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. சூயஸ் கால்வாய்க்காரர்களுக்கும் கப்பல் முதலாளிகளுக்கும் இதனால் மூண்ட வழக்கையும், 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய மாநாட்டையும் அடுத்த பகுதியில் விரிவாகக் காண்போம்.